கிணற்றை நாமே சோதிப்போம்

தெளிவாக, உப்பில்லாமல் இருந்தால் நல்ல தண்ணீர் என்பார் என் உம்மா. ஆனால் எங்கள் கற்பிட்டியின் மணல் தரையில் தோட்டங்களுக்கு இடும் பசளை கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. உலக சுகாதார தாபனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய நீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம்.

எப்போதாவது எடுக்கும் ஒரு மாதிரி போதாது. மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறும். ஆகவே வீதிக்கு இரண்டு பெண்களுக்காவது சோதனைத் தாளை நனைத்து நிறம் ஒப்பிடவும், திகதியோடு கொப்பியில் பதியவும் பழக்க வேண்டும். சந்தேகமான கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யலாம்.

தண்ணீர் ஓர் அமானிதம். இரசாயனவியல் படிக்கும் நாமே முதலில் பழகுவோம்; பிறகு உம்மாமாருக்கும் பழக்குவோம்.