500 ரூபாய் கட்டு என்னும் ஏமாற்று

தென்காசி, மேலகரம் பக்கம் வளர்ந்த பையன்களுக்கு டிரம்ப் கார்டு ஆட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ஒரே கட்டு. கலைத்து, எல்லாருக்கும் சமமாகப் பிரித்து, உயரம், எடை, ரேங்க் என்று மோத வேண்டியதுதான். கட்டு யார் காசில் வாங்கியது என்பதற்கும் யார் ஜெயிப்பார் என்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆள் 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தைக் கொண்டு வந்தார். அதில் அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 கார்டு. ஒரே கார்டு 4 வரை வைக்கலாம். அற்புதமான யோசனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூளையோடு சேர்ந்து பர்ஸும் மேஜைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய 15 கார்டு பாக்கெட்டில் 11 சாதா, 3 நடுத்தரம், 1 அரிது. பலமான அரிய கார்டு வேண்டுமென்றால் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழி, இல்லை தனியாகக் காசு கொடு!

இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது, "கட்டு மொத்தம் 500 ரூபாய்க்குள் இருக்கணும்னு வச்சுக்குவோம்" என்பது. கேட்க இனிக்கிறது. ஆனால் எந்த 500 ரூபாய்? வாங்கிய அன்றைய விலையா, ஆடுகிற அன்றைய விலையா? கூரியர் காசு கணக்கில் வருமா, வராதா? பாக்கெட்டில் அதிர்ஷ்டத்தில் வந்த கார்டுக்கு என்ன விலை போடுவது? சரக்கு மதிப்பீட்டில் 'அடக்கவிலை அல்லது சந்தைவிலை, எது குறைவோ அது' என்று பி.காம். பையன்கள் மனப்பாடம் செய்வார்களே, அந்தத் தகராறு அப்படியே ஆட்டத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஆடிட்டரையா கூட்டி வருவது? :-)

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. மலிவான நல்ல கார்டு என்று தெரிந்ததும் எல்லாரும் அதையே தேடுவார்கள், விலை ஏறும், கட்டு வரம்பைத் தாண்டும். கஷ்டப்பட்டு வாங்கியவன்தான் வெளியே நிற்பான். இணையத்தில் 'பென்னி ட்ரெட்ஃபுல்' என்று விலையை வைத்தே ஒரு முறை உண்டு. புதுத் தொகுப்பு வரும்போதெல்லாம் பட்டியல் மாறும். அங்கே ஒரு கார்டு சில பைசா சமாசாரம், போனால் போகிறது. காகிதக் கார்டை வரவழைத்துக் காத்திருந்து வாங்கும் மேலகரத்துப் பையனுக்கு அது கட்டுப்படியாகாது.

சரியான வழி 'பாப்பர்' முறை. விலையைப் பார்க்காதே, அச்சான தரத்தைப் பார். சாதா தரத்தில் வெளிவந்த கார்டுகள் மட்டும்தான் செல்லும். மேஜிக்கின் இணைய ஆட்டத்தில் 2008-லேயே இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. 2019-இல் காகித ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே விதி வந்தது. 1998-க்குப் பிறகான கார்டுகளில் முத்திரையின் நிறமே தரத்தைச் சொல்லும்: சாதாவுக்குக் கறுப்பு, நடுத்தரத்துக்கு வெள்ளி, அரிதுக்குத் தங்கம். டீக்கடை விளக்கு வெளிச்சத்திலேயே சரிபார்த்துவிடலாம். நாளைக்கு விலை ஏறினாலும் முத்திரை மாறாது.

"சாதா கார்டில் என்ன சுவாரசியம்?" என்பவர்கள் 'லைட்னிங் போல்ட்' கார்டைப் பார்க்கட்டும். ஒரே ஒரு மானா செலவில் 3 சேதம். 1993-இல் வந்தபோதே அது சாதா கார்டுதான்!

பாப்பரிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 1993-இல் வந்த 'ஊப்லியெட்' சாதா கார்டுதான். ஆனால் காகிதத்தில் 2020 வரை மறு அச்சே இல்லை என்பதால் விலை எகிறிக் கிடந்தது. ஆகவே ஊருக்குள் ஆடுகிறவர்கள் இன்னும் ஒரு படி இறுக்கலாம்: 1998-க்குப் பிந்தைய கறுப்பு முத்திரை மட்டும், ஒரு கார்டு 4-க்குப் பதில் 2. ஆளுக்குத் தேவை பாதியானால் தேடலும் பாதியாகும். அப்படியும் ஒரு கார்டு எல்லாரையும் அடித்துப் போட்டால் தடை செய்யத் தயங்கக் கூடாது. 2019-இல் அதிகாரப்பூர்வ பட்டியலே 'ஹிம் டு டூராக்', 'சிங்க்ஹோல்' இரண்டையும் வெளியே வைத்தது. அவையும் பழைய சாதா கார்டுகள்தான்.

காசு உள்ளவன் அழகான கார்டு வாங்கட்டும், பளபளக்கும் கார்டு வாங்கட்டும், யாரும் தடுக்கவில்லை. வெற்றியை மட்டும் விலைக்கு விற்காதீர்கள். எதிரே உட்கார ஆளே இல்லாவிட்டால் அந்தத் தங்க முத்திரையை வைத்துக்கொண்டு யாரோடு ஆடுவது?