தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்

தங்கவயல் மக்களுக்குத் தங்கத்தின் விலையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி இறங்கிப் பாறையை உடைத்தவன், தன் மகளுக்கு ஒரு ஜோடி தோடு வாங்க எத்தனை மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது என்பது ஸ்கெலட்டன் பகுதியில் வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. ஆகவே 1943 ஜூலையில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெண் செய்த காரியத்தின் கனம் இங்குள்ளவர்களுக்கு நன்றாகவே புரியும்.

அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அந்நகரின் மைதானத்தில் பேசினார். விடுதலைப் போருக்கு ஆள் வேண்டும், பொருள் வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த ஜானகி தேவர் என்ற பதினெட்டு வயதுப் பெண், காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வீட்டாருக்கு விஷயம் தெரிந்ததே அந்தப் படத்தைப் பார்த்துத்தான்! தோடு போனதைப் பொறுத்துக்கொண்ட தந்தை, மகள் பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்றதும் விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்தார். வசதியான குடும்பம், செல்லமாக வளர்ந்த பெண். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் டாக்டர் தொழில் நடத்தி வந்த கேப்டன் லட்சுமி நேரில் வந்து பேசிய பிறகே அவர் இசைந்தார்.

ஜான்ஸி ராணி படையின் முகாம் 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, அணிவகுப்பு, நெடுநடை என்று எல்லாப் பயிற்சியும் உண்டு. முகாமின் சாப்பாட்டைப் பார்த்து முதலில் அழுதுவிட்ட ஜானகி, பிறகு அதிகாரிகளுக்கான தேர்வில் முன்னணியில் வந்தார். 1944-இல் படை பர்மாவுக்குச் சென்றது. ரங்கூனில் மருத்துவமனை மீது குண்டு விழுந்தபோது இடிபாடுகளிலிருந்து காயமடைந்தவர்களைத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். கேப்டன் லட்சுமிக்கு அடுத்த நிலையில் படையை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

ராணிப் படையினர் முன்னணிப் போர்க்களத்தில் நிற்கவே இல்லையே என்று சிலர் குறை சொல்வதுண்டு. இம்பால் போர் முறிந்ததால் அவர்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை, அது உண்மைதான். ஆனால் 1945 ஏப்ரல் 24-ஆம் தேதி ரங்கூனை விட்டு நேதாஜியுடன் கிளம்பிய அணியை நினைத்துப் பார்க்க வேண்டும். பகலில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து மறைவு, இரவில் சேற்றிலும் மழையிலும் நடை. மௌல்மீன் வரை அப்படி வந்து, பிறகு ரயிலில் பாங்காக் போய்ச் சேர மூன்று வாரங்கள் ஆயின. ஜானகி அந்த அணியில் இருந்தார். இதே பின்வாங்கலில் வேறொரு ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிப் படைப் பெண்கள் உயிரிழந்தார்கள்.

அந்த ரயில் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்த சயாம் – பர்மா பாதை போடும் வேலையில்தான். ஜப்பானியரின் துணையோடு எழுந்த படையின் கதையைச் சொல்லும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. தோட்டத்தில் பட்டினி, வெளியே வந்தால் சயாம் ரயில் என்ற நிலையில் ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதனால் அவர்கள் பட்ட பாடு குறைந்துவிடாது.

போருக்குப் பின் ஜானகி சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் மருத்துவக் குழுவில் பணியாற்றினார். 1946-இல் மலேயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதில் பங்கு கொண்டார். ஆதி நாகப்பனை மணந்தார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினரானார். 2000-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9-ஆம் தேதி காலமானார்.

அவரைப் பற்றி எழுத இவ்வளவு கிடைக்கிறது. அவரோடு அணிவகுத்து நின்ற ரப்பர் தோட்டத்துப் பெண்களைப் பற்றி என்ன கிடைக்கிறது? பால்மரம் வெட்டிய கையில் துப்பாக்கி பிடித்தவர்கள் அவர்கள். இந்தியாவைக் கண்ணால் பாராதவர்கள் பலர். படிப்பும் பதவியும் இருந்தவர்களின் பெயர் புத்தகத்தில் ஏறியது; மற்றவர்கள் தோட்டத்துக்கே திரும்பி மறுபடியும் வாளியைத் தூக்கினார்கள். சிங்கப்பூரில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தைச் சில வாரங்களிலேயே பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுதந்திர இந்தியாவும் ஐ.என்.ஏ. வீரர்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. 1972-இல் வந்த மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் இருந்தது. ஆனால் சான்றுக் காகிதம் இல்லாமல் எந்த ஆபீசில் எந்த பைல் நகரும்? குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியாததல்ல.

இது எங்கோ கடல் கடந்தவர்கள் கதைதானே என்று தங்கவயலில் யாரும் சொல்ல முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். அதே மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பிப் போனவர்கள் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இங்கே எத்தனையோ குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து போயின. அப்போது பழைய தகரப் பெட்டிகளும் சேர்ந்து கழிந்தன. மலேயாவிலிருந்து வந்த கடிதமோ படமோ இன்னும் எஞ்சியிருக்கும் வீடுகளில் அதைத் தேடி எடுக்க வேண்டும். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தில் நிற்பது யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று கேட்டுப் படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்க வேண்டும்.