பழைய ஓட்டலும் புதிய கோபுரமும்

அமெரிக்க தேசத்தின் தென்கோடியில், புளோரிடா மாகாணத்தில், மியாமி பீச் என்றொரு கடற்கரைப் பட்டணம் இருக்கின்றது. அதன் காலின்ஸ் வீதியில், கடலைப் பார்த்தாற்போல, 1940ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ராலி என்னும் ஓட்டல் ஒன்றுண்டு. முர்ரே டிக்சன் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த ஓட்டல் அது. வளைவும் நெளிவுமாய் அமைந்த அதன் நீச்சல் குளத்தை அழகுக்கு உதாரணமாகச் சொல்லி அக்காலத்துப் பத்திரிகைகள் புகழ்ந்திருக்கின்றன. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இர்மா என்னும் புயலடித்து, ஓட்டல் சேதப்பட்டு மூடப்பட்டது. 2019இல் ஒரு முதலாளிக் கூட்டம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கிற்று. பக்கத்திலிருந்த ரிச்மண்ட், சவுத் சீஸ் என்னும் இரண்டு ஓட்டல்களையும் சேர்த்து வாங்கிற்று. பழைய ஓட்டலைப் புதுப்பிப்பது, அதன் பக்கத்திலேயே 200 அடி உயரத்தில் 17 மாடிக் கோபுரம் ஒன்றை எழுப்பி, அதில் சுமார் 40 வீடுகள் மாத்திரம் வைத்துப் பணக்காரர்களுக்கு விற்பது என்று திட்டமும் போடப்பட்டது. நகர சபையும் அவ்வளவு உயரத்துக்கு வழிவிட்டது.

17 மாடிக்கு 40 வீடு என்றால் ஒரு வீடு எவ்வளவு பெரிதாயிருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். அந்த ஓட்டலில் படுக்கை விரிக்கும் தொழிலாளி ஏழு ஜென்மம் எடுத்தாலும் அதில் ஒரு வீடு வாங்க முடியாது. ஜென்மத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது, கணக்குக்காகச் சொல்லுகின்றோம்.

இவ்விஷயத்தில் வழக்கமாக இரண்டு கட்சிகள் பேசிக் கொள்ளுகின்றன. “பழைமையைத் தொடாதே, பக்கத்தில் கோபுரம் எழுந்தால் பழைய ஓட்டலின் அழகு கெட்டுப் போகும்” என்பது ஒரு கட்சி. “பழைமையைக் காப்பாற்றப் பணம் வேண்டும், கோபுரத்திலுள்ள வீடுகளை விற்றால்தான் அந்தப் பணம் வரும்” என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் பழைமைக்காகவே கண்ணீர் விடுகின்றார்கள். ஆனால் இந்த இருவரையும் தவிர மூன்றாவதாக ஒருவன் இருக்கின்றான். அவன்தான் அந்த மணலில் நடக்கின்றவன், அந்த ஓட்டலில் வேலை செய்கின்றவன், அந்த ஊருக்கு வரி கொடுக்கின்றவன். அவனுக்கு இதில் என்ன பங்கு என்று யாராவது கேட்டார்களா? அதைத்தான் நாம் கேட்கின்றோம்.

முதலில் இந்தப் பட்டணம் எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். நூறு வருஷங்களுக்குச் சற்று முன்பு அந்த இடத்தில் பெரும்பகுதி கண்டல் காடும் சேறுமாகத்தான் கிடந்தது. கார்ல் பிஷர் என்னும் பணக்காரர் முதலியவர்கள் காட்டை வெட்டி, விரிகுடாவின் அடியிலிருந்து மணலை வாரிக் கொட்டி, தரையை உயர்த்திப் பட்டணமாக்கினார்கள். 1915இல் அது ஊராக ஏற்படுத்தப்பட்டது. பணம் போட்டவர் பிஷர் என்று சரித்திரம் எழுதுகின்றது. கொசுக்கடியிலும் சேற்றிலும் நின்று காட்டை வெட்டியவர்கள் யார்? கறுப்புத் தொழிலாளிகள். ஊர் உண்டான பிறகு அந்தக் கறுப்பர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? அவர்கள் அந்த ஊர்க் கடலில் குளிக்கக் கூடாது. அந்த ஊர் ஓட்டலில் தங்கக் கூடாது. 1936இல் நகர சபை சட்டமே போட்டது. ஓட்டலிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றவர்கள் போலீசில் பதிந்து, புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. யூதர்களுக்கும் இடமில்லை என்று பல ஓட்டல்கள் வெட்கமில்லாமல் அறிவிப்புச் செய்தன.

நாட் கிங் கோல், சாமி டேவிஸ் முதலிய பெரிய பாடகர்கள் மியாமி பீச் ஓட்டல் மேடைகளில் பாடுவார்கள். வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துக் கேட்டுக் கைதட்டுவார்கள். பாட்டு முடிந்தவுடன் பாடினவன் அந்த ஓட்டலில் படுக்க முடியாது. பாலத்தைத் தாண்டி ஓவர்டவுன் என்னும் கறுப்பர் சேரிக்குப் போய்த்தான் படுக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அந்த ஊர் மண்டபத்தில் குத்துச்சண்டையில் உலக வீரன் பட்டம் பெற்ற முகமது அலி, அன்றிரவே கடல் கடந்து கறுப்பர் ஓட்டலாகிய ஹாம்டன் ஹவுசில்தான் வெற்றியைக் கொண்டாடினார். ஒருவனுடைய தொண்டை வேண்டும், கைமுஷ்டி வேண்டும், உழைப்பு வேண்டும். அவன் மாத்திரம் வேண்டாம் என்கின்ற இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. பிறப்பைக் காட்டி மனிதனை வாசலில் நிறுத்துகின்றவர்கள் எந்தத் தேசத்தில் பிறந்தாலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

இப்படிச் சொல்லுவதால் பழைய கட்டடங்களை எல்லாம் இடித்துத் தள்ள வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஊரில் பார்பரா கேப்பிட்மன் என்னும் ஓர் அம்மையார் இருந்தார். 1970களில் அந்தப் பழைய ஓட்டல்கள் மதிப்புக் குறைந்து, வயதான ஏழைகள் குறைந்த வாடகைக்குத் தங்கும் இடங்களாய் இருந்த காலத்தில், அவை இடிக்கத்தக்கவையல்ல என்று அவ்வம்மையார் சங்கம் வைத்துப் போராடினார். ஆரம்பத்தில் நகைத்தவர்கள் பலர். ஆயினும் 1979இல் அந்த வட்டாரம் முழுவதும் அமெரிக்க சர்க்காரின் சரித்திரப் பதிவேட்டில் ஏறிற்று. 1988இல் செனட்டர் என்னும் ஓட்டலைக் கார் நிறுத்துவதற்காக இடித்தபோது அவரால் தடுக்க முடியவில்லை. அவர் தோற்ற இடமும் உண்டு, ஜெயித்த இடமும் உண்டு. ஆனால் அவர் ஜெயித்ததன் பலன் யாருக்குப் போயிற்று? கட்டடம் பிழைத்தது, அதிலிருந்த ஏழைக் கிழவர்கள் வாடகை ஏற ஏற வெளியேறினார்கள். சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு சுவருக்குள்ளிருந்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இதைக் குற்றமாக அந்த அம்மையார் மேல் நாம் சுமத்தவில்லை. மனிதனை விட்டுவிட்டுக் கல்லை மாத்திரம் காப்பாற்றும் சட்டம் அரைச் சட்டம் என்று சொல்லுகின்றோம்.

நிற்க, கோபுரக்காரர்களின் வாதத்துக்கு வருவோம். “புயலில் கெட்ட கட்டடத்தைச் சீர்திருத்தப் பெரும் பணம் வேண்டும், ஓட்டல் அறை வாடகையில் அது வராது, ஆகவே மேலே கட்டிக் கொள்ள விடுங்கள்” என்கின்றார்கள். செலவு அதிகம் என்பது வாஸ்தவமாகவே இருக்கலாம். ஆனால் இங்கே விற்கப்படும் சரக்கு என்ன என்று கவனிக்க வேண்டும். நிலம் அவர்கள் வாங்கினது, ஒப்புக் கொள்ளுகின்றோம். செங்கல்லும் இரும்பும் அவர்கள் வாங்குவது. அதையும் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஆனால் பழைய விதிக்கு மேலே கிடைக்கும் உயரத்தை அவர்கள் யாரிடம் வாங்கினார்கள்? நேற்றுவரை கட்டக் கூடாது என்றிருந்த ஆகாயத்தை இன்று கட்டலாம் என்று சொன்னது நகர சபை. ஒரு தீர்மானம் நிறைவேறியவுடன் அந்த வெறும் ஆகாயம் கோடிக்கணக்கில் விலை பெறுகின்றது. அந்த விலையை உண்டாக்கினது முதலாளியின் மூளையுமல்ல, உழைப்புமல்ல. ஜனங்களின் பேரால் தூக்கப்பட்ட கைகள்தான். ஜனங்களின் கை உண்டாக்கிய லாபத்தில் ஜனங்களுக்குப் பங்கு கேட்பது பேராசையா, நியாயமா?

நிழல் விஷயம் ஒன்றிருக்கின்றது. அதே ஊரில் பவுண்டன்புளூ, ஈடன் ராக் என்னும் இரண்டு பெரிய ஓட்டல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1954, 1955ஆம் ஆண்டுகளில் வந்தவை; இரண்டையும் அமைத்தவர் மாரிஸ் லாப்பிடஸ் என்னும் ஒருவரே. பிறகு பவுண்டன்புளூக்காரர் தன் இடத்தில் 14 மாடி சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணி முதல் அதன் நிழல் ஈடன் ராக்கின் குளத்தின் மேல் விழும். வெயில் காயவென்றே பணம் கட்டி வருகின்றவர்கள் நிழலில் உட்கார வருவார்களா? ஈடன் ராக்காரர் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட்டு கட்டடத்துக்குத் தடை கொடுத்தது. 1959இல் மேல்கோர்ட்டு அந்தத் தடையை நீக்கிற்று. பக்கத்து நிலத்தின் வழியாக வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒருவனுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது என்பதே தீர்ப்பு. இங்கிலாந்தில் 20 வருஷம் ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்துக்கு உரிமை கொண்டாடலாம் என்றிருக்கின்ற வழக்கம் இங்கே செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வழக்கில் வாதி பணக்காரர், பிரதிவாதியும் பணக்காரர். கோடீஸ்வரனுக்கே வெயில் கிடைக்கவில்லையென்றால், துண்டை விரித்து மணலில் படுக்கின்றவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல; ஆனால் ஒரு குச்சியை நட்டு நிழலை அளக்கத் தெரியும். சூரியன் 45 பாகை உயரத்திலிருந்தால் 200 அடிக் கட்டடத்தின் நிழல் 200 அடி. 30 பாகைக்கு இறங்கினால் சுமார் 346 அடி. அந்த ஊரில் கடல் கிழக்கே. பிற்பகல் சூரியன் மேற்கே. ஆகவே கோபுரத்தின் நிழல் பிற்பகலில் விழுகின்ற இடம் மணல்தான். புளோரிடா அரசியல் சட்டப்படி கடல் நீரேறும் எல்லைக்குக் கீழுள்ள கரை ஜனங்களுடையது. கரை ஜனங்களுடையது, அதன் மேல் விழும் வெயில் மாத்திரம் 40 வீட்டுக்காரருடையதா?

இது ஒருபுறமிருக்க, கடல் சும்மாயிருக்கவில்லை. உலகம் சூடேறுவதால் கடல் மட்டம் உயர்ந்து, மழையில்லாத வெயில் நாளிலும் பெரிய ஓதத்தின்போது மியாமி பீச் தெருக்களில் உப்பு நீர் ஏறுகின்றது. தெருவை உயர்த்தவும் நீரை இறைக்கும் யந்திரங்கள் வைக்கவும் அந்நகரம் கோடிக்கணக்கான டாலர் பொதுப் பணத்தைச் செலவு செய்கின்றது. கோபுரத்தில் வசிப்பவரின் மோட்டாரும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வெள்ளம் வந்தால் பொதுப் பணம், விலை வந்தால் தனிப் பணம் என்பது எந்த ஊர் கணக்கு?

இன்னொன்று. எது சரித்திரம் என்று தீர்மானிப்பவர் யார்? வெள்ளைக்காரர் நீந்திய குளம் சரித்திரம் என்று பாதுகாக்கப்படுகின்றது. கறுப்புப் பாடகர்கள் இரவில் தங்கிய ஓவர்டவுனிலோ 1960களில் பெருஞ்சாலையைக் குறுக்கே வெட்டி ஆயிரக்கணக்கானவர்களின் வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். அவர்களுக்குப் பேர் பெற்ற விடுதிகளாயிருந்த சர் ஜான், மேரி எலிசபெத் என்னும் ஓட்டல்கள் இன்று இல்லை. அவர்களுக்காக எந்தச் சபை கூடிற்று? குளத்தின் வளைவுக்கு இரங்கிய நெஞ்சு குடும்பங்களின் அழிவுக்கு இரங்கவில்லையே!

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பழைய ஓட்டலைச் சீர்திருத்தட்டும். அழகான வேலை அழியக் கூடாது. கோபுரம் வேண்டுமா என்பதை அழகை மாத்திரம் வைத்துத் தீர்மானிக்காமல், நிழலின் அளவையும் நீரின் அளவையும் வைத்து வெளிப்படையாகத் தீர்மானிக்கட்டும். விதிக்கு மேல் ஓர் அடி உயரம் கொடுப்பதானாலும் அந்த அடியின் விலையை ஊர் வாங்கிக் கொண்டு, ஓட்டல்களில் வேலை செய்கின்றவர்கள் அதே ஊரில் குடியிருக்க வீடு கட்டட்டும். காப்பாற்றப்படும் ஒவ்வொரு பழைய ஓட்டல் வாசலிலும், யார் கட்டினார், எவ்வளவு அழகு என்பதோடு நில்லாமல், யாரை உள்ளே விடாதிருந்த ஊர் இது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். அதுவே முழுச் சரித்திரம்.

தோழர்களே! 1945ஆம் ஆண்டு மே மாதம் அந்த ஊருக்கு வடக்கே ஹாலோவர் கடற்கரையில், வெள்ளையருக்கு மாத்திரம் என்றிருந்த கடலில், சில கறுப்பர்கள் துணிந்து இறங்கிக் குளித்தார்கள். கைது செய்தால் வழக்காடத் தயாராய் வக்கீலையும் கரையில் நிறுத்தியிருந்தார்கள். சர்க்கார் கைது செய்யவில்லை. மூன்று மாதத்துக்குள் வர்ஜீனியா கீ என்னும் தீவில் அவர்களுக்கென்று ஒரு கடற்கரையைத் திறக்க வேண்டியதாயிற்று. தனிக் கடற்கரை முழு நியாயமல்ல. ஆனால் கேட்காதிருந்தால் அதுவும் வந்திராது. அன்று கேட்டது தண்ணீரில் இறங்கும் உரிமை. இன்று கேட்க வேண்டியது தலைக்கு மேலுள்ள வெளிச்சத்தின் உரிமை. கேட்கின்றவன் இல்லாத ஊரில் ஆகாயத்துக்கும் வேலி போட்டுவிடுவார்கள் என்பதை ஒவ்வொருவரும் உணர வேண்டுமாய் விரும்புகின்றோம்.