கருவியும் அதன் பாஷையும்

மைக்கிலிருந்து வரும் குரலை எண்களாக மாற்றிக் கணினிக்குள் அனுப்பவும், அந்த எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்குத் தரவும் உதவுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டியை விலை கொடுத்து வாங்கிய ஒருவர், தாம் விரும்பி ஏற்றுக்கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தில் அது முழுமையாக இயங்குமா என்று இன்றும் சந்தேகப்பட வேண்டியிருப்பது நியாயமாகாது. ஒரு கருவி கணினியோடு எந்த பாஷையில் பேசுகிறது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லுவது அதைச் செய்து விற்பவரின் கடமை என்பதே என் அபிப்பிராயம்.

இந்தச் சிரமம் இயற்கையாக அமைந்ததன்று. யுஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான பொது விதிமுறை 1998-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதை அனுசரித்துச் செய்யப்பட்ட பெட்டியைச் செருகிய மாத்திரத்தில், தனி டிரைவர் எதையும் தேடாமலே, லினக்ஸ் கெர்னலில் உள்ள அல்ஸா என்னும் ஒலிப் பகுதி அதை அடையாளம் கண்டு ஒலியை ஏற்றுக்கொள்கிறது. அந்த விதிமுறையின் இரண்டாம் பதிப்புக்கு லினக்ஸ் 2010-லேயே இடமளித்துவிட, விண்டோஸ் அவ்வாறு செய்தது 2017-ல்தான் என்பதை நினைத்தால், திறந்த மூலத்தில் உழைப்பவர்களின் சிரத்தையை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. தாமதத்தைக் குறைப்பதிலும் அந்தச் சிரத்தையைக் காணலாம். பாடுகிறவர் தம் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடும்போது, அது காதுக்குத் திரும்பி வரும் தாமதம் சிறிது மிகுந்தாலும் தாளம் தடுமாறும். ஒலியை எண்களாக்கும்போது விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படும் என்ற கணக்கில், 128 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி சுமார் 2.7 மில்லி விநாடிதான் ஆகிறது. இத்தகைய சிறு தொகுதிகளைத் தடங்கலின்றிக் கையாளும் ஆற்றலை, பால் டேவிஸ் உருவாக்கிய ஜாக் என்னும் மென்பொருளும், அதன்பின் விம் தைமன்ஸ் தொடங்கிய பைப்வயரும் லினக்ஸுக்கு அளித்திருக்கின்றன.

ஆயினும், ஒலி மட்டும் வந்துவிட்டால் போதாது. எந்த மைக்கின் ஒலி எந்த ஹெட்ஃபோனுக்குப் போக வேண்டும் என்பதைப் பெட்டிக்குள்ளேயே தீர்மானிக்கும் கட்டுப்பாடுகள் பல கருவிகளில் பொது விதிமுறைக்குப் புறம்பாக அமைந்திருக்கின்றன. உதாரணமாக, ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் வரிசையின் இரண்டாம் தலைமுறைக் கருவிகளுக்காக, ஜெஃப்ரி பென்னெட் என்பவர் 2018 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிறுவனத்தின் மென்பொருளுக்கும் கருவிக்கும் இடையே யுஎஸ்பி வழியே ஓடிய செய்திகளை ஒவ்வொன்றாக உற்று நோக்கி, அவற்றின் பொருளை ஊகித்து, லினக்ஸுக்கான டிரைவரை எழுதினார். பாராட்டத்தக்க விசேஷம் என்னவெனில், நான்காம் தலைமுறைக் கருவிகளுக்கு 2023 டிசம்பரில் ஆதரவு சேர்க்கப்பட்டபோது, அந்த நிறுவனமே கருவிகளை நன்கொடையாக அளித்து உதவியிருந்தது.

கட்டுப்பாட்டு முறையை வெளியிட்டால் தொழில் இரகசியம் போய்விடும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுவதுண்டு. ஆனால், கருவியின் உள்ளே ஒலி எவ்வளவு சுத்தமாக மாற்றப்படுகிறது என்பதில்தான் அவர்களுடைய வித்தை இருக்கிறது. ஒலியளவைக் கூட்டச் சொல்லும் கட்டளை எது என்று தெரிவிப்பதால் அந்த வித்தைக்கு எந்த நஷ்டமும் நேராது. மாறாக, நிறுவனம் தன் மென்பொருளைக் கைவிட்ட பிற்பாடும் கருவி பல்லாண்டு உழைக்கும். நல்ல நிலையில் உள்ள பொருள் குப்பைக்குப் போகாது.

ஆகையால், வாங்குகிறவர்கள் விலையையும் அழகையும் விசாரிப்பதோடு, கருவி பொது விதிமுறைக்கு இணங்கியதா, அதன் கட்டுப்பாடுகள் அனைத்தும் லினக்ஸில் கிடைக்குமா என்றும் விசாரித்தே வாங்க வேண்டும். பொதுமக்கள் பணத்தில் ஒலிக்கருவி வாங்கும் இசைக் கல்லூரிகளும் வானொலி நிலையங்களும் இதையே டெண்டரில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். தனி மனிதரின் வேண்டுகோளுக்குச் செவிசாய்க்காத தயாரிப்பாளரும், பெருந்தொகைக் கொள்முதலின் நிபந்தனையை அலட்சியம் செய்ய மாட்டார்.