லீவ் லெட்டர் இங்கிலீஷும் மரக்காணத்து உப்பும்

தமிழ்நாட்டில் பத்தாவது வரை படித்த யாரை வேண்டுமானாலும் நடுராத்திரியில் எழுப்பி, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்திலும் தடங்கல் இல்லாமல் வரும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." என்று ஆரம்பித்து "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடியும். அதே ஆளிடம், "காய்ச்சல் உனக்கு இல்லை, அம்மாவுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுது" என்று சொல்லிப் பாருங்கள். பேனா அங்கேயே நின்றுவிடும்!

பத்து வருடம் ஆங்கிலம் படித்ததற்குப் பலன் ஒரே ஒரு காய்ச்சல். அதுவும் சொந்தக் காய்ச்சல் இல்லை, மனப்பாடம் செய்த காய்ச்சல்.

"பசங்களுக்கு கிராமர் வரவில்லை" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பொய். கிராமர் வராமல் இல்லை, வரவிடாமல் செய்திருக்கிறார்கள். அதற்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது மரக்காணம். பஸ் ஜன்னலில் பார்த்தாலே உப்பளங்கள் தெரியும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இங்கே வெயில் ஏற ஏற வேலை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இந்த ஊர்ப் பையன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கட்டுரை எதைப் பற்றி எழுதுகிறான்? மலைவாசஸ்தலத்துக்கு இன்பச் சுற்றுலா போனதைப் பற்றி! அவன் பார்த்தே இராத மலை, அவன் போகாத சுற்றுலா. பார்க்காததை எழுத வேண்டுமானால் நோட்ஸைத்தான் உருப்போட வேண்டும். உருப்போட்டதில் இலக்கணத்துக்கு என்ன வேலை?

செயப்பாட்டு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். "ராமா கில்ட் ராவணா" என்பதைத் திருப்பிப் போட்டு "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்று எழுதினால் மார்க். எதற்காகத் திருப்பிப் போட வேண்டும் என்று எந்தப் பையனுக்கும் தெரியாது. உப்பளத்தைக் கேட்டால் அது சொல்லிக்கொடுக்கும். உப்பு நீர் முதலில் பெரிய பாத்தியில் விடப்படுகிறது. வெயிலில் சுண்டவிடப்படுகிறது. பிறகு அடுத்த பாத்திக்கு மாற்றப்படுகிறது. கடல் நீர் சுமார் 3 போமே அடர்த்தியில் இருக்கும். அது ஏறி ஏறி 25 போமேயை ஒட்டி வரும்போது உப்பு பூக்கும். அதற்கு மேல் முற்றிய நீரை விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், அதனால் அது வெளியேற்றப்படுகிறது. யார் விட்டார்கள், யார் மாற்றினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை, வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம். செயப்பாட்டு வினை இருப்பதே இதற்காகத்தான். இந்த ஆறு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்த பிள்ளைக்கு ராவணனை மறுபடி மறுபடி கொல்ல வேண்டிய அவசியமே வராது.

அடுத்த குற்றவாளி, ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்கிற சட்டம். தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள்கூட உண்டு. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் செய்யும் தப்பு எங்கிருந்து வருகிறது? பாதி தமிழிலிருந்துதான். அப்படியானால் அதைத் திருத்தும் வழியும் தமிழிலேயே இருக்க வேண்டும் அல்லவா?

"டிஸ்கஸ் அபவுட்" என்று ஏன் எழுதுகிறார்கள்? தமிழில் "அதைப் பற்றி விவாதித்தோம்" என்போம், அந்தப் "பற்றி" கூடவே வந்துவிடுகிறது. "டுடே மார்னிங்" எப்படி வந்தது? இன்று காலை. "ஐ ஆம் நோயிங்" என்று எழுதுபவரிடம் ஒரு கேள்வி போதும்: தமிழில் "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டார். "தெரியும்" என்றுதான் சொல்வார். சில வினைகள் தொடர்ச்சியாக வராது என்ற விதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

எல்லோரையும் அழவைக்கும் "தி" விஷயத்துக்கு வருவோம். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லையே என்பார்கள். சொல் இல்லைதான், ஆனால் அந்த வேறுபாடு இருக்கிறது. "உப்பு வாரினார்கள்" என்றால் பொதுவாக உப்பு. "உப்பை வாரினார்கள்" என்றால் நமக்கு முன்பே தெரிந்த, அந்தப் பாத்தியில் கிடக்கும் உப்பு. இரண்டாம் வேற்றுமை உருபான அந்த "ஐ" செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் ஆங்கிலத்தில் "தி" செய்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று தமிழ் வகுப்பில் ஒப்பித்த பிள்ளைக்கு, அடுத்த பீரியடில் இதை இணைத்துக் காட்ட யாருமில்லை.

இதையெல்லாம் கேட்டதும் ஒரு கூட்டம் கிளம்பும். "கிராமர் எதற்கு? புரிந்தால் போதாதா? வெள்ளைக்காரன் போய் எத்தனை வருடமாச்சு!" என்று. பேச்சுக்குப் போதும். ப்ரிபோன் என்று எழுதினால் வானம் இடிந்து விழாது. அது இந்தியாவில் பரவலாகி ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரைக்கும் போன சொல். அதைக் கேலி செய்பவர்களுக்கு மொழி எப்படி வளர்கிறது என்று தெரியவில்லை. ஆனால் கீழே உள்ளதைப் பாருங்கள்.

"கூலி தரவில்லை." தமிழில் இந்த ஒரு சொல், தராமல் போன அன்றைக்கும் பொருந்தும், இன்று வரை தராததற்கும் பொருந்தும். ஆங்கிலம் விடாது. "டிட் நாட் பே" என்றால் அன்றைக்குத் தரவில்லை. பிறகு தந்தாரா இல்லையா என்பது வாக்கியத்தில் இல்லை. "ஹேஸ் நாட் பெய்ட்" என்றால் இன்னும் பாக்கி. அதேபோல "இரண்டு மாதமாக" என்பதற்கு "ஃபார்", "மாசியிலிருந்து" என்பதற்கு "சின்ஸ்". இரண்டையும் குழப்பி "ஃப்ரம் லாஸ்ட் டூ மன்த்ஸ்" என்று எழுதினால், எத்தனை நாள் கூலி பாக்கி என்பதே கலங்கிவிடும். புரிந்தால் போதும் என்பவர்களுக்கு இதில் போவது ஒரு மார்க்காக இருக்கலாம். வெயிலில் நின்று உப்பு வாரியவருக்குப் போவது இரண்டு மாதக் கூலி.

மனுவைத் தமிழிலேயே எழுதலாமே? தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. ஆனால் உப்பு மத்திய அரசின் துறை. உப்பு ஆணையர் அலுவலகத்தின் தலைமையிடம் ஜெய்ப்பூரில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். இன்சூரன்ஸ் பத்திரம், கம்பெனி மெயில், வேலைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அந்த வாசல்களில் உப்பளத்துப் பிள்ளை வேறொருவரின் பேனாவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு என்ன உரிமை?

இப்போது போனிலேயே திருத்தித் தரும் செயலிகள் வந்துவிட்டன என்பது கடைசி வாதம். எழுத்துப் பிழையைத் திருத்தும், வாக்கியத்துக்குப் பவுடர் பூசும், எல்லாம் சரி. ஆனால் கூலி அன்றைக்கு வரவில்லையா, இன்று வரை வரவில்லையா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? "டிட் நாட் பே" என்பதும் இலக்கணப்படி சரியான வாக்கியம்தான், அதனால் அப்படியே விட்டுவிடும். எது உண்மையோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் எழுதுபவர்தான்.

செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். தினம் ஐந்து வாக்கியம். அன்று வீட்டிலோ தெருவிலோ உப்பளத்திலோ நடந்தது மட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். தப்புகள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் கோடு போட்டுப் பயமுறுத்தாமல், இந்த வாரம் காலம், அடுத்த வாரம் "தி" என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் அதன் தமிழை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். லீவ் லெட்டரை எழுதட்டும், ஆனால் நிஜமாக லீவு போட்ட காரணத்தோடு எழுதட்டும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இலக்கணமும் அப்படித்தான். இல்லாவிட்டால் விளங்காது, உப்பை மட்டும் தட்டில் கொட்டினால் யாராலும் சாப்பிட முடியாது. இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடங்கள் பரிமாறிக்கொண்டிருப்பது சோறில்லாத உப்பு. அதைத் துப்பிய பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு நாக்கே சரியில்லை" என்கிறார்கள்!

ஆங்கிலத்தில் சம்பளத்துக்குப் பெயர் "சாலரி". லத்தீனில் உப்பைக் குறிக்கும் "சால்" என்ற சொல்லிலிருந்து கிளைத்தது அது. உப்பை வாருகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு, அந்தச் சாலரி வரவில்லை என்று ஒரு வரி சரியாக எழுதத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தராத ஆங்கிலப் பாடம் எத்தனை மார்க் வாங்கித் தந்தாலும் ஃபெயில்தான்.