அரிசிச் சாக்கும் இரும்புத் தண்டும்

‘பெம்பிளையள் இரும்பு தூக்கி என்னத்தைக் காணப்போகினம்?’

சென்ற வருடம் இங்கே ஒக்லாந்தில் நடந்த ஒரு கலைவிழாவின் இடைவேளையில், கையில் தேநீரோடு, பத்துப்பேர் கேட்க இப்படிச் சொன்னவரை நாங்கள் பெயர் சொல்லி இழுக்கப்போவதில்லை. அவர் தனியாளும் அல்ல. ஒரு காலத்தில் இதேமாதிரி மேடைகளில் ஏறி, அடுப்படியை விட்டு வெளியே வந்து ஆயுதம் ஏந்திய தமிழ்ப் பெண்ணைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசியவர் அவர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். அன்று அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்கள்தான் இன்று இந்தக் கேள்விக்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் முப்பதுகளில் இருக்கிறோம். மூன்று பேருக்கு உணவகக் குசினியில் வேலை. ஒருத்தி முதியோர் இல்லத்தில். மற்றவள் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறாள். இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கால்வைத்துப் பட்டம் எடுக்காமல் வந்தவர்கள். இதை எழுதும் கை அந்த இரண்டில் ஒன்று. செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரைக்கு, வேலை தொடங்குமுன், நகரசபையின் உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் பாரம் தூக்கப் பழகுகிறோம். நாங்கள் செய்த குற்றம் இவ்வளவுதான்.

பாரம் எங்களுக்குப் புதிதல்ல. குசினிக்கு வரும் பாஸ்மதி அரிசிச் சாக்கு 20 கிலோ. ஒலிம்பிக்கில் ஆண்கள் தூக்கும் இரும்புத் தண்டும், தட்டுகள் ஒன்றும் போடாமல், அதே 20 கிலோ, பெண்களுடையது 15. பின்கதவில் இறக்கிவிட்டுப் போகிற சாக்கைக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோவது நாங்கள். வெங்காயச் சாக்கு, எண்ணெய்த் தகரம், கறி நிறைந்த பெரிய சட்டி எல்லாம் எங்கள் கைகளில்தான் போய்வருகின்றன. இத்தனை வருடத்தில் எந்த அண்ணையும் குசினிக்குள் வந்து ‘பெண்மை கெட்டுப்போச்சு’ என்று கவலைப்பட்டதில்லை. ‘நல்ல பலமான பிள்ளை, பயப்பிடாமல் எடுங்கோ’ என்று முதலாளியிடம் எங்களைச் சிபாரிசு செய்தவர்கள் உண்டு. அதே இருபது கிலோவை அரிசி இல்லாமல், சம்பளம் இல்லாமல், எங்களுக்காகத் தூக்கினால் மட்டும் பண்பாடு ஆட்டம் காண்கிறது!

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. கிளிநொச்சியிலிருந்து அம்மா வட்ஸ்அப்பில் அழுதாள்: ‘பாரம் தூக்காதை பிள்ளை, கர்ப்பப்பை இறங்கிப்போம்.’ அந்த அம்மா விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் சுமந்த நாட்களில் அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. 2009 இல் ஒரு தோளில் பிள்ளையும் மறு தோளில் மூட்டையுமாக முள்ளிவாய்க்கால்வரை நடந்தபோதும் விசாரிக்கவில்லை. முறை தெரியாமல் தூக்கினால் இடுப்படித் தசைகள் கெடும் என்பதும், பிள்ளை பெற்றவர்கள் கவனமாக இருக்கவேண்டும் என்பதும் உண்மைதான். அதற்குத்தானே ஒருவரிடம் போய்ப் பழகுகிறோம்? சாக்கு தூக்க எங்களுக்கு யாரும் முறை சொல்லித்தரவில்லை.

பழக்குகிறவர் ஒரு சமோவாப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஆங்கிலம் போதாத இடத்தில் தன் கையால் எங்கள் முதுகைத் தொட்டுக் காட்டுவார். தண்டு காலை உரசிக்கொண்டு இருக்கவேண்டும், முதுகு வளையக்கூடாது, இடுப்பை மடித்து, வயிறு நிறைய மூச்செடுத்துப் பிடித்து, கையால் இழுப்பதாக நினையாமல் பாதத்தால் நிலத்தைத் தள்ளவேண்டும். முதல் கிழமையே அவர் கண்டுபிடித்தது, எங்களில் ஒருவருக்கும் மூச்செடுக்கத் தெரியாது என்பதை. நெஞ்சுக்கு மேலேதான் எடுக்கிறோம். பங்கருக்குள் குந்தியிருந்து பழகிய மூச்சு அது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எங்களில் ஒருத்தி, வீட்டுக்கொருவர் என்ற காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டு, முடி வெட்டப்பட்டு, சில கிழமைப் பயிற்சியோடு முன்னரங்குக்கு அனுப்பப்பட்டவள். பிறகு முகாமில் அந்தக் கட்டை முடியை மறைக்க நாள்முழுதும் தலையில் துணி சுற்றியிருந்தவள். ஒக்லாந்துக்கு வந்தும் இரவு இரண்டு மணிக்குமேல் நித்திரை இல்லை. ஜிம்மில் யாராவது தண்டை நிலத்தில் போட்டால் விழும் சத்தத்துக்கு அவள் சுவரோடு போய் ஒட்டிக்கொள்வாள். இரண்டாம் நாள் வெளியே ஓடிப்போய், வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு கார்களுக்கு நடுவில் குந்தியிருந்தாள். பழக்குகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சில கிழமைகள் எங்கள் மூலையில் எல்லாத் தட்டும் சத்தமில்லாமல் வைக்கப்பட்டன. பிறகு ஒருநாள் அவளையே அழைத்து, ‘தூக்கு, நிமிர், இப்போது கையை விடு’ என்றார். அவள் விடவில்லை. மெதுவாகக் கீழே வைத்தாள். மறு கிழமையும் அப்படித்தான். மூன்றாம் கிழமை விட்டாள். கட்டிடமே அதிர்ந்தது. அவள் அசையவில்லை. திரும்பத் தூக்கித் திரும்பப் போட்டாள். எத்தனை தரம் என்று நாங்கள் எண்ணவில்லை. எப்போது வரும் என்று தெரியாமல் வானத்திலிருந்து வந்த சத்தத்தை, இப்போது தான் நினைத்த நேரத்தில் தன் கையால் உண்டாக்கினாள். அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப்போய், இருவரும் முதலாளியிடம் ஏச்சு வாங்கினோம்.

இது நோய் முழுக்க மாறிய கதை அல்ல. அவள் இன்னும் மாத்திரை எடுக்கிறாள், எடுக்கத்தான் வேண்டும்.

எங்கள் பெண்கள் டொக்டரிடம் போய் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. நெஞ்சடைக்குது, கைகால் உளையுது, உச்சந்தலை எரியுது என்கிறார்கள். பனடோல் தந்து அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நீண்டகாலம் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும் பிறகு எழுதியவற்றிலும் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: எங்கள் மக்களின் மனக்காயம் பெரும்பாலும் உடம்பின் முறைப்பாடாகவே வெளியே வருகிறது. அதனால்தான் மூச்சுப்பயிற்சியும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் அவருடைய சிகிச்சையில் இடம்பெற்றன. துக்கம் தோளிலும் இடுப்பிலும் குடியிருக்கிறது என்றால் தோளையும் இடுப்பையும் விட்டுவிட்டு எங்கே போய் மருந்து தேடுவது?

வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்காக இன்னொன்று. 1999 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தாலும் சகாக்களும் ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ள, கடும் மனச்சோர்வுள்ள 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு மாத்திரை, மற்றதுக்கு இரண்டும். பதினாறு கிழமைகளின் முடிவில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் மிதமானதுதான் என்கிறார்கள். எங்களுக்கு மிதமான பலன் போதும். இரண்டு மணிக்கு விழித்தவள் நாலு மணிவரை நித்திரை கொண்டால் அது சின்ன விடயமா?

மேடைப் பேச்சுக்காரரிடம் மறுபடி வருவோம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இயக்கங்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தன. 1987 ஒக்ரோபர் 10 இல் கோப்பாயில் இந்தியப் படையோடான சண்டையில் இறந்த மாலதிதான் புலிகள் இயக்கத்தில் களத்தில் இறந்த முதல் பெண். அந்த நாளைப் புகலிடத்தில் இன்றும் நினைவுகூருகிறார்கள். ஓடவும் நீந்தவும் சுமக்கவும் பழகிய அந்தப் பெண்களின் உடற்பலத்தை எங்கள் சமூகம் பாட்டாகவும் நாடகமாகவும் கொண்டாடியது. அப்போது யாரும் கர்ப்பப்பை இறங்கும் என்று சொல்லவில்லை. காற்சட்டை போடுகிறாள் என்று முகம் சுழிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பலத்துக்குச் சொந்தக்காரி அவள் அல்ல. கட்டளை வேறொருவருடையது. அவள் செத்தால் படத்துக்கு மாலை கிடைத்தது. சாகாமல் திரும்பி வந்தவளுக்கு என்ன கிடைத்தது? ‘இயக்கத்திலை இருந்தவளோ? அப்ப வேண்டாம், வேறை இடம் பாருங்கோ’ என்று கலியாணத் தரகர் சொன்ன பதில் கிடைத்தது. சமூகத்துக்காகச் சாகிற பலம் என்றால் பெண்ணுக்கு அழகு, தனக்காக வாழ்கிற பலம் என்றால் அவலட்சணம். இந்தக் கணக்கை எங்களுக்கு யாராவது விளங்கப்படுத்தவேண்டும்.

எங்களில் ஒருத்தியின் கணவர் அவளுடைய சப்பாத்தை ஒளித்துவைத்தார். ‘என்ன, திருப்பி அடிக்கவோ பழகிறாய்?’ என்று கேட்டார். அப்படியொரு யோசனை அவளுக்கு வந்ததேயில்லை. அவருக்கு ஏன் வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் இப்போது சப்பாத்தை எங்கள் வீட்டில் வைத்திருக்கிறாள்.

இடதுசாரித் தோழர் ஒருவர் வேறு பக்கத்திலிருந்து தாக்கினார். கூட்டுத் துயரத்துக்குத் தனிமனிதப் பரிகாரம் தேடுகிறோமாம். நீதி கேட்கவேண்டியவர்கள் கண்ணாடி பார்க்கிறோமாம். ஜிம் என்பதே முதலாளித்துவம் உடம்பை விற்கும் கடையாம். கடைசிப் பகுதியில் உண்மை உண்டு. இந்த நகரமே அதற்குச் சாட்சி. 1966 பொதுநலவாய விளையாட்டில் பரிதிவட்டம் எறிந்து தங்கம் வென்ற லெஸ் மில்ஸ், 1968 இல் மனைவி கொலீனோடு இங்கே ஜிம் தொடங்கினார். 1990 முதல் 1998 வரை இந்த நகரின் மேயராகவும் இருந்தார். இசைக்கு ஏற்ப இரும்புத் தண்டு தூக்கும் பொடி பம்ப் வகுப்பை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கி உலகமெல்லாம் விற்றவர் அவர்களுடைய மகன் பிலிப். விக்ரோறியா வீதியில் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் எங்களில் ஒருத்தி இரவு வேலைக்குப் போகிறாள். அதற்குள் போய்வர எங்கள் சம்பளம் இடம்கொடாது. எந்த ஜிம்மின் விளம்பரத்திலும் ‘மெலியுங்கள், இளமையாகுங்கள்’ என்ற பல்லவி உண்டு. அது பெண்ணின் உடம்பைப் பார்க்கிறவனுடைய பல்லவி. நாங்கள் மெலியவில்லை. இருவர் கொழுத்திருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்!

ஆனால் தோழரே, நித்திரையில்லாதவள் எங்கே போய் நீதி கேட்பாள்? சாட்சி சொல்ல எழுந்து நிற்கக் கால் வேண்டாமா? 1990 இல் ஜேர்மனியில் பெண்கள் சந்திப்பு தொடங்கியபோதும், வீட்டுப் பிரச்சினையைத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள், போராட்டத்தைத் திசைதிருப்புகிறார்கள் என்றுதான் சொன்னார்கள். எங்களுக்கு முதலில் கதைக்க ஓர் அறை தேவைப்பட்டது. இப்போது மூச்சுவிட ஓர் அறை தேவைப்படுகிறது.

இந்த ஊரில் முன்னுதாரணங்களுக்கும் குறைவில்லை. தென்னாபிரிக்காவில் தோல் நிறத்துக்காகப் பாரம் தூக்கும் அணியில் சேர்க்கப்படாமல், 1964 இல் நாட்டை விட்டு வெளியேறிய பிறெஷியஸ் மக்கென்சி என்ற குள்ளமான மனிதர், இங்கிலாந்துக்காக மூன்று பொதுநலவாயத் தங்கங்களும், நியூஸிலாந்தில் குடியேறிய பின் 1978 இல் எட்மண்டனில் இந்த நாட்டுக்காக நாலாவது தங்கமும் வென்றார். அப்போது அவருக்கு 42 வயது. பிறகு முதுகு முறியாமல் பாரம் தூக்குவது எப்படி என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குசினிகளுக்கு அவர் வந்திருக்கவேண்டும். அகதிகளை முதலில் கொண்டுவந்து தங்கவைக்கும் மாங்கெரேப் பகுதியில் படித்த வலெறி அடம்ஸ், தொங்காவைச் சேர்ந்த தாயைப் பதினைந்து வயதில் பறிகொடுத்தவர்; இரும்புக் குண்டை விடாமல் எறிந்து 2008 இலும் 2012 இலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். எங்கள் ஆளாக ஒருவர் வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். இரண்டு மீற்றருக்கு மேல் உயரம். 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். இந்த நாட்டுப் பெண்களின் முதன்மையான விளையாட்டு வலைப்பந்தாட்டம். அவருடைய பெயர் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் எங்கள் சங்கங்களின் விளையாட்டு விழாவைப் பாருங்கள். ஆண்களுக்குக் கிரிக்கெட், கரப்பந்தாட்டம், பூப்பந்தாட்டம். பெண்களுக்குச் சங்கீதக் கதிரை, தேசிக்காயும் கரண்டியும். முப்பத்தைந்து வயதுப் பெண், ஷெல்லுக்குள்ளால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு தேசிக்காய் விழாமல் நடக்கவேண்டும். பரிசாக ஒரு பிளாஸ்ரிக் டப்பா. கடைசியில் கயிறிழுத்தல் என்று ஒன்று வைப்பார்கள். அதிலும் எங்கள் கயிற்றைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு நேரம் போய்விட்டது என்பார்கள்.

எங்கள் கோரிக்கை பெரியதல்ல. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மண்டபம் வேண்டும். அந்த நேரம் கதவு பூட்டியிருக்கவேண்டும். கழிவறைக்குப் போகிற சாட்டில் ஆண்கள் எட்டிப்பார்க்கக்கூடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது ஓர் ஆணாக இருந்தால் இன்னும் நல்லது. சில தண்டுகளும் தட்டுகளும் நாங்களே காசு சேர்த்து வாங்குவோம். ஜிம்முக்குப் போகக் கூச்சப்படுகிற அக்காமார், பஸ் தெரியாத அம்மாமார், கணவர் விடாத பிள்ளைகள் இருபது பேராவது வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் எங்களிடம் இரகசியமாக விசாரிக்கிறார்கள்.

இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. போன கிழமை நிர்வாகத்திலிருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அடுத்த விழாவுக்கு எத்தனை வடை சுட்டுத் தரமுடியும் என்று கேட்டார். முந்நூறு என்றோம். மண்டபம் என்னமாதிரி என்று கேட்டோம். கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். கூட்டம் எப்போது, நாங்களும் வரலாமோ என்று கேட்டோம். லைன் சரியாகக் கேட்கவில்லை என்றார்.