சீனக்குடாத் தாங்கிகளில் யாருக்கு முதல் உரிமை?

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலைப் பக்கம் போனால், சீனக்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்துபோனது. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கன மீற்றர் கொள்ளும். எல்லாம் நிரம்பினால் ஏறத்தாழ 10 இலட்சம் தொன். இவ்வளவு பெரிய களஞ்சியம் இருக்கும் மாவட்டத்தில்தான் 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் சிறு வள்ளம் வைத்திருப்பவருக்கு அதன் பொருள், வலையில் மீன் விழுவதற்கு முன்பே அன்றைய உழைப்பின் பெரும்பங்கு இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விடும் என்பதுதான். தாங்கிகள் பக்கத்தில் இருப்பது ஒன்று, அவற்றிலுள்ள எண்ணெயில் உரிமை இருப்பது வேறு. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தத் தாங்கிகள் பற்றி நடந்த பேச்சுகள் எல்லாம் முதலாவதைப் பற்றியவை. இரண்டாவதை யாரும் உறுதியாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

எண்ணெய்க்காக வல்லரசுகளோடு மோதிய அனுபவம் இலங்கைக்குப் புதிதல்ல. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. இழப்பீட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. திருகோணமலையின் கதை இதற்கு மறுபக்கம். 1980களின் முற்பகுதியில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு தாங்கிகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட முயன்றபோது, அதற்குப் பின்னால் மேற்குலகக் கடற்படையின் நிழலை டில்லி கண்டது. விளைவு, 1987 ஜூலை 29 உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களில் தெரிந்தது: இந்தியாவின் நலனுக்குக் குந்தகமாகத் திருகோணமலைத் துறைமுகம் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடப்படாது, தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்கும். முதல் வாக்குறுதி காக்கப்பட்டது. இரண்டாவது 2003 வரை தூங்கியது. அந்த ஆண்டு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு 35 ஆண்டுக் குத்தகை கிடைத்தும், கீழ்த் தாங்கித் தொகுதியில் பதினைந்தளவுதான் இயங்கின. மேல் தொகுதியைக் காடு மூடியது. மற்றவன் கையில் போய்விடக் கூடாது என்பது இந்தியாவுக்குப் போதுமாக இருந்தது. விற்றுவிட்டோம் என்ற பழி வரக்கூடாது என்பது கொழும்புக்குப் போதுமாக இருந்தது. 2017 ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் தாங்கிகள் இந்தியாவுக்குப் போவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து நாட்டையே நிறுத்தின. இத்தனை இழுபறியிலும் ஒரு தாங்கிகூடக் கூடுதலாக நிரம்பவில்லை.

2022 ஜனவரி 6இல் ஒரு முடிவு வந்தது. 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். ஆறு மாதத்துக்குள் நாடு எரிபொருளின்றி வறண்டது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்தோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டபோது, பொதுமக்களுக்கு ஓரளவேனும் விற்றது லங்கா ஐ.ஓ.சி.தான். அதன் சரக்கு திருகோணமலையில் இருந்தது. இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: அன்று இல்லாதது டொலரேயன்றித் தாங்கி அல்ல, வெறும் தாங்கியை வைத்து என்ன செய்வது? சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமே 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்கப் பணமின்றி மூடப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் டொலர் இல்லாத நாட்டுக்குத்தான் தாங்கி இன்னும் பெரிய ஆயுதம். ஜப்பான் தன் ஒக்கினாவாத் தாங்கிகளைச் சவூதி அராம்கோவுக்குக் கொடுத்திருக்கிறது. எண்ணெய் சவூதியுடையது, அவர்கள் அதை ஆசியச் சந்தையில் விற்கலாம். நெருக்கடி வந்தால் முதலில் வாங்கும் உரிமை ஜப்பானுடையது. மங்களூரில் நிலத்தடிச் சேமிப்பை அபுதாபியின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்குத் திறந்துவிட்ட இந்தியாவும் இதே வழியில்தான் முன்னுரிமை பெற்றது. இதையே திருகோணமலையில் செய்தால், பிறர் முதலில் தம் எண்ணெயை நம் கரையில் வைத்திருப்பார்கள். கப்பல் வரும்வரை காத்திருக்கவோ, முன்பணம் கட்டவோ தேவையில்லாமல் சில வார அவகாசம் நமக்குக் கிடைக்கும். நெருக்கடியில் நாடொன்றைக் காப்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்கள்தான்.

இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன என்பதால் இது இன்று வெறும் யோசனை அல்ல. எண்ணெய் உள்ளவர், சந்தை உள்ளவர், துறைமுகம் உள்ளவர் மூவரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். இந்தியாவின் பிடி இறுகும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் அதற்கு மருந்து தாங்கிகளைத் துருப்பிடிக்க விடுவதல்ல. ஈரானிய மசகெண்ணெய்க்கென வடிவமைத்த ஒரே சுத்திகரிப்பு நிலையத்தை நம்பியிருந்தபோது, அமெரிக்கத் தடைகள் நம்மையும் தாக்கின. அம்பாந்தோட்டையில் சினோபெக்கின் 370 கோடி டொலர் சுத்திகரிப்புத் திட்டமும் கையெழுத்தாகியிருக்கிறது. ஒரே கையை மட்டும் பிடித்து நிற்காமல் இருப்பதே நமக்கு உள்ள சிறு பலம். அதைப் பயன்படுத்த, உடன்படிக்கைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். 2025 உடன்படிக்கைகளின் முழு வாசகத்தைக் கேட்டு எழுந்த குரல்கள் நியாயமானவை. சூரிய மின்சாரம் வந்துவிட்டால் எண்ணெய் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: சம்பூரில் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரியத் தகடுகள் வருவது நல்லதே, ஆனால் மூதூர் உழவு இயந்திரமும் கிண்ணியா வள்ளமும் இன்னும் நெடுங்காலம் எண்ணெயில்தான் ஓடும்.

மாவட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை இந்தப் பேச்சுகளில் கடைசி வரியாகக்கூடக் காண முடியவில்லை. 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத களப்பில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். ஆறு வாரம் கழித்து இதே மாவட்டத்தின் தாங்கிகளுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். நாடுகள் பேரம் பேசும் மண்ணில் வாழ்பவருக்கு அது தொடர்பில்லாததாகத் தோன்றாது. ஆகவே முத்தரப்பு உடன்படிக்கையின் வாசகம் நாடாளுமன்றத்தில் வைக்கப்படட்டும். நெருக்கடியில் முதலில் வாங்கும் உரிமை அடுத்துக் கையெழுத்தாகும் இறுதி உடன்படிக்கையில் எழுத்தில் இருக்கட்டும். அந்த உரிமைக்குள் வடக்கு, கிழக்கு மீனவர்களுக்கான மண்ணெண்ணெய்க்குத் தனி அளவு ஒதுக்கப்படட்டும். தாங்கி வருமானத்தில் ஒரு பங்கு திருகோணமலையின் பாலங்களுக்கும் வீதிகளுக்கும் நேரடியாகப் போகட்டும். இவற்றில் எதையும் கேட்க இலங்கைக்கு டொலர் தேவையில்லை. கேட்கும் நேரம் அந்த இறுதிக் கையெழுத்துக்கு முன்னர்தான்.